பெரிய திரையில் குறைந்த இடம்: ஓர் ஆர்டர் தாளைத் திரைக்குப் பொருத்திய கதை

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம். அங்கே கணினி தொடர்பான வேலைகளுக்கு என்னைக் கூப்பிடுவார்கள். முழுநேரப் பணி இல்லை, அழைத்தால் போகிறவன். ஒரு திங்கட்கிழமை காலை, ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் மேடத்திடமிருந்து அழைப்பு. "தினமும் இரவில் யாரோ என் தாளைச் சின்னதாக்கி வைத்துவிட்டுப் போகிறார்கள். கண்டுபிடித்துச் சொல்லுங்கள், சார்" என்றார். குரலில் பாதி கோபம், பாதி சந்தேகம். பக்கத்து மேஜைக்காரர்மீது அவருக்கு ஏற்கெனவே ஒரு கண் இருந்தது.

அந்தத் தாள் ஓர் எக்செல் கோப்பு. ஓர் ஆர்டருக்கு ஒரு வரி. ஸ்டைல் எண், பையர் (வாங்குபவர்), நிறம், எண்ணிக்கை என்று தொடங்கி நூல், நிட்டிங், டையிங், காம்பாக்டிங் (துணியைச் சுருக்கி நிலைப்படுத்துவது), கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங், கப்பல் தேதி வரை போய், கடைசியில் 'குறிப்பு' என்ற நெடுவரிசையில் முடியும். மொத்தம் 26 நெடுவரிசைகள், ஏறக்குறைய 180 வரிகள். குறிப்பு மட்டும் தமிழில் இருக்கும். மற்றவை எண்ணும் ஆங்கிலமும். கோப்பு அலுவலகச் சர்வரில் பொதுக் கோப்புறையில் கிடக்கிறது. ஒருவர் திறந்து எழுதும்போது மற்றவர்கள் படிக்க மட்டும் முடியும்.

பார்க்கிறவர்கள் நான்கு இடத்தில் இருக்கிறார்கள். மேடத்தின் மேஜையில் 1920க்கு 1080 பிக்சல் மானிட்டர். உற்பத்தி மேலாளரிடம் 14 அங்குல மடிக்கணினி. அதுவும் 1920க்கு 1080தான். செக்கிங் பிரிவில் பழைய கணினி, 1366க்கு 768. கூட்ட அறையில் 65 அங்குல 4கே தொலைக்காட்சி, 3840க்கு 2160.

குற்றவாளி யார்?

ஒருவரும் இல்லை. எக்செலில் ஸூம் அளவு உங்கள் கணினியில் சேமிக்கப்படுவதில்லை, கோப்புக்குள்ளேயே எழுதப்படுகிறது. கடைசியாகச் சேமித்தவர் எந்த அளவில் பார்த்தாரோ, அடுத்துத் திறப்பவருக்கும் அதே அளவு வந்து நிற்கும். மேடத்துக்கு இதை வாயால் சொன்னபோது நம்பவில்லை. அதனால் கோப்பின் நகல் ஒன்றை எடுத்து, பெயரின் வால் பகுதியை 'ஜிப்' என்று மாற்றித் திறந்து காட்டினேன். எக்செல் கோப்பு என்பது உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம்தான். உள்ளே ஒவ்வொரு தாளுக்கும் ஓர் எக்ஸ்.எம்.எல். கோப்பு இருக்கும். அதன் தொடக்கத்திலேயே 'ஷீட்வியூ' என்றொரு வரி. அதில் 'ஸூம்ஸ்கேல்' என்ற சொல்லுக்கு நேரே 67 என்று இருந்தது.

67 யாருடைய எண் என்பது மேலாளரின் மடிக்கணினியைத் திறந்ததும் தெரிந்துவிட்டது. இரவு வீட்டில் இருந்தபடி கணக்குப் பார்க்கிறார், எல்லா நெடுவரிசைகளும் தெரியட்டும் என்று சுருக்குகிறார், சேமிக்கிறார். காலையில் மேடத்தின் பெரிய மானிட்டரில் தாள் மூன்றில் இரண்டு பங்கு அகலத்தில் ஒட்டிக்கிடக்கிறது. வலப்பக்கம் வெறும் கட்டங்கள். அவர் எரிச்சலோடு 100 ஆக்கிச் சேமிக்கிறார். பத்து மணிக்குச் செக்கிங் பிரிவில் திறந்தால், பேக்கிங்குக்கு அப்பால் உள்ளதெல்லாம் திரைக்கு வெளியே.

இதை வெறும் கண் உறுத்தல் என்று விட்டிருக்கலாம். ஆனால் முந்தைய வாரம் ஒரு ஸ்டைலுக்குக் கழுத்து லேபிள் மாறிய செய்தி 'குறிப்பு' நெடுவரிசையில் எழுதப்பட்டிருந்தது. செக்கிங் மேற்பார்வையாளர் அதைப் பார்க்கவே இல்லை. அவருடைய திரையில் அப்படியொரு நெடுவரிசையே கிடையாது. பெட்டிகளைப் பிரித்து மறுபடி கட்டினார்கள்.

முதல் முயற்சி: பிக்சலை நம்பினேன்

திரைக்கேற்ப ஸூமை மாற்ற ஒரு மேக்ரோ, அதாவது எக்செலுக்குள் தானாக ஓடும் சிறு நிரல், எழுத முடிவு செய்தேன். எல்லோரும் போகிற வழியிலேயே நானும் போனேன். திரையின் அகலத்தைக் கேள். 1920 என்றால் ஸூம் 100, 1366 என்றால் 72. விண்டோஸிடம் திரை அளவைக் கேட்பதற்குக் 'கெட்சிஸ்டம்மெட்ரிக்ஸ்' என்ற செயற்கூறு உண்டு. கோப்பு திறக்கும்போது ஓடும்படி பத்து வரி எழுதினேன். மேடத்தின் கணினியில் அழகாக வேலை செய்தது.

மேலாளரின் கணினியில் ஓடவே இல்லை. அவருடையது 64 பிட் ஆபீஸ். ஆபீஸ் 2010 முதல் வந்த பதிப்புகளில் இப்படி வெளியிலிருந்து ஒரு செயற்கூற்றை அழைக்கும் வரியில் 'பீடிஆர்சேஃப்' என்ற சொல்லைச் சேர்த்தாக வேண்டும். இல்லாவிட்டால் 64 பிட்டில் மேக்ரோ முழுவதும் ஓடும் முன்பே, தொகுக்கும் (கம்பைல்) கட்டத்திலேயே நின்றுவிடும். இணையத்தில் கிடைக்கும் பழைய மாதிரிகளில் பலவற்றில் இந்தச் சொல் இருக்காது. அதைச் சேர்த்தேன், ஓடியது. ஓடிய பிறகுதான் உண்மையான தவறு தெரிந்தது.

மடிக்கணினியும் 1920 என்றது, மேக்ரோவும் நேர்மையாக 100 வைத்தது. திரையில் தாளின் மூன்றில் இரண்டு பங்குதான் தெரிந்தது. 14 அங்குலத் திரையில் எழுத்துகள் எறும்பாகிவிடக் கூடாது என்று விண்டோஸ் எல்லாவற்றையும் 150 சதவீதத்துக்குப் பெருக்கி வைத்திருந்தது. 1920ஐ ஒன்றரையால் வகுத்தால் 1280. ஆக, மேலாளருக்கு உண்மையில் கிடைக்கும் இடம் 1280 பிக்சல்தான்.

தொலைக்காட்சி இதைவிட வேடிக்கை. 3840 பிக்சல் அகலம் கொண்ட 65 அங்குலத் திரை. தாள் இரண்டு முறை கொள்ளும் என்று நினைப்போம். அங்கே விண்டோஸ் வைத்திருந்த பெருக்கம் 300 சதவீதம். வகுத்தால் அதே 1280! செக்கிங் பிரிவின் பழைய கணினியில் பெருக்கம் எதுவும் இல்லாததால் அதற்கு முழுதாக 1366 கிடைத்தது. அந்தக் கட்டடத்திலேயே மிகப் பெரிய திரையில், ஒரு மூலையில் தூசி படிந்து கிடந்த கணினியைவிடக் குறைந்த இடம்.

போதாக்குறைக்கு, அந்தச் செயற்கூறு முதன்மைத் திரையின் அளவை மட்டுமே சொல்லும். மடிக்கணினியைத் தொலைக்காட்சியோடு இணைத்து எக்செல் சாளரத்தை அந்தப் பக்கம் இழுத்துப் போட்டாலும் பதில் 1920தான். பெருக்க அளவைத் தனியே கேட்டு வகுக்கலாம், எந்தத் திரை என்று தேடிக் கண்டுபிடிக்கலாம். ஒரு மாலை முழுவதும் அதைச் செய்துபார்த்தேன். நாற்பது வரி ஆயிற்று; அப்போதும் சாளரம் பாதித் திரையில் இருந்தால் கணக்குப் பிசகியது.

திரையை விட்டுவிட்டுச் சாளரத்தைக் கேட்டேன்

எக்செலின் 'பார்வை' பட்டியில் 'தேர்ந்தெடுத்த பகுதிக்கு ஸூம்' என்ற பொத்தான் வெகுகாலமாக இருக்கிறது. மேக்ரோவில் அதற்கு ஒரே வரி: ஆக்டிவ்விண்டோ.ஸூம் = ட்ரூ. வழக்கமாக 10 முதல் 400 வரை ஓர் எண்ணைக் கொடுக்கும் இடம் அது. எண்ணுக்குப் பதில் 'ட்ரூ' என்று கொடுத்தால், தேர்ந்தெடுத்த கட்டங்கள் இந்தச் சாளரத்தில் அடங்கும் அளவை எக்செலே கணக்கிட்டுக்கொள்ளும். பிக்சல், பெருக்கம், எந்தத் திரை, பாதிச் சாளரமா முழுச் சாளரமா எதுவும் நமக்குத் தெரிய வேண்டியதில்லை. நாற்பது வரியை அழித்தேன். மனம் வரவில்லைதான்.

முதல் ஓட்டத்தில் அட்டவணை முழுவதையும் தேர்ந்தெடுத்து இந்த வரியைக் கொடுத்தேன். திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு தபால்தலை தெரிந்தது, அவ்வளவுதான். 180 வரிகளையும் உயரத்தில் அடக்கப் பார்த்து ஸூம் இருபதுக்கும் கீழே போயிருந்தது. அகலம் மட்டும்தான் நமக்கு வேண்டும். கீழே உருட்டிப் பார்க்க எல்லோருக்கும் தெரியும். எனவே தலைப்பு வரியை, அந்த ஒற்றை வரியை மட்டும், தேர்ந்தெடுத்தால் போதும். உயரம் ஒரு வரி என்பதால் அகலமே அளவைத் தீர்மானிக்கும்.

100 சதவீதத்தில் எங்கள் தாளின் அகலம் சுமார் 1820 பிக்சல். வரி எண்களுக்கும் உருட்டுப்பட்டைக்கும் ஐம்பது போனால், மேடத்தின் திரையில் 102 சதவீதம், செக்கிங் பிரிவில் 72, மடிக்கணினியிலும் தொலைக்காட்சியிலும் 67. மேலாளர் இத்தனை நாள் கையால் வைத்துவந்த அதே 67.

பொருந்துகிறது. ஆனால் படிக்க முடிகிறதா?

மேலாளர் முடிகிறது என்றார்; அவர் பார்ப்பது எண்களை. செக்கிங் மேற்பார்வையாளர் முடியவில்லை என்றார். அவர் படிக்க வேண்டியது தமிழ்க் குறிப்பை. இருவர் சொன்னதும் சரி. கலிப்ரி எழுத்துருவில் தமிழ் எழுத்து கிடையாது. தமிழைத் தட்டினால் எக்செல் சத்தமில்லாமல் நிர்மலா போன்ற வேறொரு எழுத்துருவைக் கடன் வாங்கிக் காட்டும். 70 சதவீதத்தில் 8 என்ற எண் 8ஆகவே தெரியும். ஆனால் 'கி'யின் கொக்கியும் 'கீ'யின் சுழியும் ஒன்றாகிவிடும், மெய்யெழுத்தின் புள்ளி மேலே உள்ள கட்டக் கோட்டோடு கலந்துவிடும். ஆங்கிலத்திலும் எண்ணிலும் மட்டும் தாள் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியாது. எங்களுக்கு 75க்குக் கீழே போகக் கூடாது என்று கோடு போட்டோம்; மேலே 110. உச்சவரம்பும் தேவைதான், இல்லாவிட்டால் ஆறு நெடுவரிசை மட்டுமே உள்ள இன்னொரு தாளைத் திறந்ததும் எழுத்துகள் சுவரொட்டி அளவுக்கு ஊதிவிடும்.

75க்குக் கீழே போக முடியாது. 26 நெடுவரிசைகளும் அடங்காது. அப்படியென்றால் சில நெடுவரிசைகள் ஒதுங்க வேண்டும். எவை? இது மேக்ரோவின் கேள்வி இல்லை. தாளைப் பார்க்கிறவர்கள் எல்லோரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்து, அவரவர் தினமும் பார்க்கும் நெடுவரிசைகளைப் பென்சிலால் குறிக்கச் சொன்னேன். நூல் எண், ஜி.எஸ்.எம். (துணியின் எடை), டையிங் லாட் எண், காம்பாக்டிங் கழிவு என்று ஒன்பது நெடுவரிசைகளை மேடத்தைத் தவிர வேறு யாரும் தொடவே இல்லை. இந்த அரை மணி நேரத்தில் நடந்த வேலை, நான் மேக்ரோவில் செலவிட்ட மூன்று நாளைவிடப் பெரியது என்றே நினைக்கிறேன். ஒரு விஷயம் கூடுதலாக வெளிவந்தது: 'குறிப்பு' நெடுவரிசை எல்லோருக்கும் வேண்டும், அது ஏன் கடைசியில் கிடக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. ஸ்டைல் எண்ணுக்கு அடுத்து கொண்டுவந்து, உருட்டினாலும் நகராதபடி உறைய வைத்தோம்.

அந்த ஒன்பதையும் எக்செலின் 'குழு' வசதியால் கட்டினேன். தனியே மறைத்திருந்தால் நெடுவரிசை எங்கே போயிற்று என்று தேடுவார்கள். குழுவாக்கினால் மேலே ஒரு கூட்டல் குறி இருக்கும், அழுத்தினால் விரியும். இப்போது மேக்ரோ செய்வது இது: குழுக்களை எல்லாம் விரி, தலைப்பு வரிக்குப் பொருத்து, வந்த எண் 75 அல்லது அதற்கு மேல் என்றால் அப்படியே விடு, குறைந்தால் 'ஷோலெவல்ஸ்' கட்டளையால் குழுக்களைச் சுருக்கி மறுபடி பொருத்து. அப்போதும் 75 வராவிட்டால் 75இலேயே நிறுத்து, மிச்சத்தை உருட்டிப் பார்த்துக்கொள்ளட்டும். இவ்வளவும் திரையில் படபடக்காமல் இருக்க ஸ்க்ரீன்அப்டேட்டிங்கை முதலில் அணைத்து, முடிவில் போட வேண்டும்.

சுருங்கிய தாளின் அகலம் 1180. செக்கிங் கணினியில் 111 வந்து வரம்பில் 110ஆக நின்றது. தொலைக்காட்சியில் 104. கூட்ட அறையின் கடைசி நாற்காலியில் இருந்து கப்பல் தேதியைப் படிக்க முடிந்தது அன்றுதான் முதல் முறை.

அடுத்த இரண்டு வாரம் வந்த அழைப்புகள்

"தம்பி, தேதி எல்லாம் அழிந்துவிட்டது" என்று செக்கிங் மேற்பார்வையாளர் அண்ணன் அழைத்தார். போய்ப் பார்த்தால் தேதி நெடுவரிசை நெடுக வேலிக் குறிகள் (####). ஒன்றும் அழியவில்லை. எக்செலில் ஸூம் மாறும்போது எழுத்தின் அகலமும் நெடுவரிசையின் அகலமும் துல்லியமாக ஒரே விகிதத்தில் மாறுவதில்லை. இரண்டும் முழுப் பிக்சலுக்குத் திருத்தப்படுவதால், 100இல் இறுக்கமாக அடங்கிய தேதி வேறோர் அளவில் ஒரு பிக்சலால் வெளியே நிற்கும். எண்ணோ தேதியோ அடங்காவிட்டால் எக்செல் வேலிக் குறியைத்தான் காட்டும். எண், தேதி நெடுவரிசைகளுக்கு ஓரெழுத்து அகலம் கூட்டினேன், தீர்ந்தது.

அதற்கடுத்த நாள் மேலாளர்: "தாளின் முதல் மூன்று வரிகளைக் காணோம்." இது என் பிழை. தலைப்பை உறைய வைக்கும் வரியையும் மேக்ரோவிலேயே எழுதியிருந்தேன். அவர் உறைவை நீக்கிக் கீழே உருட்டியிருந்த நேரத்தில் மேக்ரோ ஓடியது. எக்செல் உறைய வைப்பது அந்த நேரத்தில் கண்ணுக்குத் தெரியும் வரிகளைத்தான். உருட்டலில் மேலே போய்விட்ட வரிகள் உறைவுக்கு அப்பால் அகப்பட்டுக்கொள்ளும், எவ்வளவு உருட்டினாலும் வராது. உறைய வைக்கும் முன் ஸ்க்ரோல்ரோ, ஸ்க்ரோல்காலம் இரண்டையும் 1 ஆக்கிவிட்டால் போதும். அதோடு, பயனர் எந்தக் கட்டத்தில் நின்றிருந்தாரோ அதை முதலில் குறித்துவைத்து, கடைசியில் அவரை அங்கேயே கொண்டுபோய் விடுவதையும் சேர்த்தேன். மேக்ரோ ஓடியதும் கர்சர் தலைப்பில் போய் உட்கார்ந்திருந்தால் யாருக்கும் கோபம் வரும்.

தாளுக்குப் பூட்டுப் போட்டதும் குழுவின் கூட்டல் குறி வேலை செய்யாமல் போனது. பூட்டிய தாளில் குழுக்களை விரிக்க 'எனேபிள்அவுட்லைனிங்' என்ற அனுமதியும், பூட்டும்போதே 'யூசர்இன்டர்ஃபேஸ்ஒன்லி' என்ற நிபந்தனையும் வேண்டும். இரண்டுமே கோப்பில் சேமிக்கப்படாதவை. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மேக்ரோ புதிதாகக் கொடுத்தாக வேண்டும். ஸூம் வேண்டாம் என்றாலும் கோப்பில் எழுதிக்கொள்கிற எக்செல், எழுதிக்கொள் என்று கெஞ்ச வேண்டிய இதை மறந்துவிடுகிறது.

சாளரம் அளவு மாறும்போதெல்லாம் தானாகப் பொருத்தும் நிகழ்வையும் முதலில் வைத்திருந்தேன். ஒரே நாளில் எடுத்துவிட்டேன். மேடம் ஒரு பக்கம் பையரின் மின்னஞ்சலும் மறுபக்கம் தாளுமாக வைத்து வேலை செய்பவர். சாளரத்தின் ஓரத்தை லேசாக இழுத்தாலும், அவர் விரித்து வைத்திருந்த குழு பட்டென்று மூடிக்கொண்டது. தாள் மாறும்போது பொருத்துவதற்கும் அதே கதிதான். இப்போது கோப்பு திறக்கும்போது ஒரு முறை மட்டும் தானாக. மற்ற நேரங்களில் 'பொருத்து' என்ற பொத்தானை அவர்களே அழுத்திக்கொள்கிறார்கள். பொத்தானின் பெயரைத் தாளில் உள்ள வடிவத்தின்மீதே தட்டினேன். மேக்ரோ எழுதும் சாளரத்துக்குத் தமிழ் போன்ற எழுத்துகளுக்கான யூனிகோட் குறிமுறை தெரியாது. அங்கே தமிழை ஒட்டினால் வரிசையாகக் கேள்விக்குறிகள்தான் நிற்கும்.

சேமிக்கும்போது சுத்தம்

திறக்கும்போது பொருத்துவதோடு நின்றிருந்தால் வேலை பாதிதான். மேக்ரோ ஓடாத இடங்கள் இருக்கின்றன. கைப்பேசியில் எக்செல் மேக்ரோவை ஓட்டாது. மின்னஞ்சலில் வந்து இறங்கிய கோப்பில் மேக்ரோவை மைக்ரோசாஃப்ட் 2022இலிருந்து இயல்பாகவே தடுத்து, மேலே சிவப்புப் பட்டையைக் காட்டுகிறது. வெளியே ஜாப் ஒர்க் செய்யும் யூனிட்டுக்கு இந்தத் தாள் மின்னஞ்சலில்தான் போகிறது. அவர்களிடம் தடையை நீக்கச் சொல்லிப் பழக்குவதில் எனக்கு விருப்பமில்லை. நாளை வேறு யாரோ அனுப்பும் கோப்பிலும் அதே போலத் தடையை நீக்குவார்கள். எங்கள் அலுவலகத்துப் பொதுக் கோப்புறையை மட்டும், மேக்ரோ தடையின்றி ஓடும் நம்பகமான இடமாக எக்செலில் பதிந்தேன்.

ஆகவே மேக்ரோ ஓடாதவருக்கும் தாள் பார்க்கும்படி இருக்க வேண்டும். சேமிப்பதற்குச் சற்று முன் ஓடும் 'பிஃபோர்சேவ்' நிகழ்வில் குழுக்களைச் சுருக்கி, ஸூமை 100 ஆக்கிவிடுகிறேன். கோப்பில் போய் உட்காருவது அந்த நடுநிலை அளவு. சேமித்து முடிந்ததும் ஓடும் 'ஆஃப்டர்சேவ்' நிகழ்வில், அவர் எந்த அளவில், எந்தக் குழுவை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாரோ அதைத் திரும்பக் கொடுத்துவிட்டு, கோப்பு சேமிக்கப்பட்ட நிலையில்தான் இருக்கிறது என்று எக்செலுக்குச் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் மூடும்போது, எதையும் மாற்றாதவரிடமும் 'சேமிக்கவா?' என்று கேட்கும் வாய்ப்பு உண்டு. மேடத்தின் இரவு மர்மம் உண்மையில் தீர்ந்தது இந்த இரண்டு நிகழ்வுகளால்தான். பொருத்தும் மேக்ரோ இல்லாமல் இவை மட்டும் இருந்திருந்தாலும் அவருடைய புகார் நின்றிருக்கும்.

உரிமையாளர் கைப்பேசியில்தான் பார்ப்பார். அவருக்குத் தாளே வேண்டாம் என்று மாலை ஆறு மணிக்குச் சுருங்கிய வடிவத்தை பி.டி.எஃப். ஆக்கி அனுப்பும் பொத்தான் ஒன்று வைத்தேன். அச்சுப் பக்கத்தின் அகலத்துக்கு அடக்க, பக்க அமைப்பின் ஸூமுக்கு 'ஃபால்ஸ்' கொடுத்துவிட்டு, அகலம் ஒரு பக்கம் என்று சொல்ல வேண்டும். சாளரத்தின் ஸூமுக்கு 'ட்ரூ' என்றால் பொருத்து. பக்கத்தின் ஸூமுக்கு 'ஃபால்ஸ்' என்றால்தான் பொருத்தவே வழி. பெயர் ஒன்று, குணம் நேர் எதிர். இதில் ஒரு மணி நேரம் போயிற்று.

கடந்த மாதம் மேடம் ஆடையின் படம் வைக்க ஒரு புதிய நெடுவரிசை சேர்த்தார், அட்டவணையின் வலது கோடியில். தலைப்பு வரிக்கு நான் கொடுத்திருந்த பெயர் 26 நெடுவரிசைகளோடு நின்றது. நடுவில் செருகினால் அது தானாக நீளும், ஓரத்தில் ஒட்டினால் நீளாது. பொருத்தும்போது படம் திரைக்கு வெளியே நின்றது. தலைப்பு வரியில் கடைசியாக எழுத்து உள்ள கட்டத்தை மேக்ரோ தானே தேடிக்கொள்ளும்படி மாற்றிவிட்டேன். படத்தைச் சேர்த்ததில் அகலம் கூடி, இப்போது மேடத்தின் திரையிலேயே 94தான் வருகிறது. "எனக்கு மட்டும் ஏன் குறைத்தீர்கள்?" என்று கேட்டார். பக்கத்து மேஜைக்காரர் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.